ஏலத்துக்கு வந்த கரண்டு பில்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் தேவசிகாமணிதான் வரவு செலவு பார்க்கிறவர். சமையலும் அவர்தான், கூரை ஓட்டையை அடைக்கிறதும் அவர்தான். ஆரம்பத்தில் வெளிநாட்டுப் பணம் வந்தது. ரொட்டிக்கு வெண்ணெய்கூட இருந்தது. அதற்கான அரசாங்க அனுமதியைப் புதுப்பிக்காமல் அது நின்றது. பிறகு துபாய்க்குப் போன பழைய பிள்ளைகள் அனுப்பினார்கள்; சொந்த வீடு கட்டத் தொடங்கினதும் அவர்களும் மறந்தார்கள். இப்போது வருவதெல்லாம் பிரியாணி. பிறந்தநாளுக்கு அண்டாவோடு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுப் பிரியாணி, செவ்வாய்க்கிழமை கஞ்சி. கரண்டு பில்லோடு நின்று போட்டோ எடுக்க ஒரு மகராசன் இன்னும் பிறக்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சை சமயம், திங்கட்கிழமை மதியத்துக்குள் கட்டாவிட்டால் பீஸைப் பிடுங்குவேன் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணியும் வாழைத்தாரும் ஏலம் போகும். அங்கே ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கிற வீரர்கள் உண்டு; பக்கத்து பெஞ்சுக்காரன் தொள்ளாயிரம் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தேவசிகாமணி பைய போய்ப் பூசணிக்குப் பக்கத்தில் பில்லை வைத்தார்.

"இது என்னவே?" என்றார் ஏலம் விடுகிறவர்.

"எங்க இல்லத்தில விளைஞ்சது அண்ணாச்சி. சும்மா கூவுங்க."

சபை சிரித்தது. சிரித்துக்கொண்டே ஹார்டுவேர் கடை டைட்டஸ் மூவாயிரம் என்றார். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத மச்சான் பெனோ நாலாயிரம் என்றார். அதோடு சிரிப்பு நின்றது. ஆறாயிரம் ரூபாய் பில்லைப் பதினோராயிரத்துக்கு எடுத்து டைட்டஸ் ஜெயித்தார்.

மறுநாள் காலையில் தேவசிகாமணி கடைக்குப் போய் நின்றார்.

"ஏலத் துட்டு கிறிஸ்துமஸ் கழிச்சுத்தானவே கொடுக்கது வழக்கம்?" என்றார் டைட்டஸ்.

"கரண்டுக்காரனுக்கு அந்த வழக்கம் தெரியாதே அண்ணாச்சி."

"சொல்லிப் பாரும்."

மதியமே பீஸைப் பிடுங்கிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் தேவசிகாமணி பிள்ளைகளைப் புத்தகத்தோடு கூட்டிப்போய் டைட்டஸ் வீட்டு ஹாலில் உட்கார வைத்தார்.

"என்னவே அக்கிரமம் இது?"

"நீங்க ஏலம் எடுத்த கரண்டு அண்ணாச்சி. அங்கன வரல, இங்கன எரியுது. நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை."

டைட்டஸின் மனைவி ஃபிளோரா பிள்ளைகளுக்குக் காபி போடப் போனாள். போகிறபோதே புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். விடிவதற்குள் இது அவள் அண்ணன் பெனோ காதுக்குப் போகும் என்று நினைத்ததும் டைட்டஸுக்குத் தாராள மனசு பெருக்கெடுத்தது. போனிலேயே பில்லைக் கட்டினார்.

"கட்டியாச்சு. கூட்டிட்டுப் போவும்."

"பீஸை மாட்ட லைன்மேன் காலையிலதான் வருவான் அண்ணாச்சி" என்று சொல்லி, தேவசிகாமணி ஹால் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.