இறுக்கிக் கட்டிய கால்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பண்டல் கட்டியே என் காலம் போயிற்று. சணலுக்கு அடியில் விரல் நுழைந்தால் அது கட்டே இல்லை என்பது எங்கள் கணக்கு. கணுக்காலுக்கு மேல் புண் வந்தபோதும் அந்தக் கணக்கில்தான் துணியைச் சுற்றினேன். வீக்கம் வடிந்துவிடும் என்று நம்பினேன். என் கட்டைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் திமிர் உண்டு.

புண் ஆறவில்லை. நூறடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. வழியிலிருக்கும் அச்சகங்களின் வாசலில் நின்று புதுக் காலண்டர் படங்களைப் பார்ப்பதுபோல் நடிப்பேன். வலி அடங்கியதும் நகர்வேன். படுத்தால் பாதம் எரியும் என்பதால் தூக்கமும் நாற்காலியில்தான். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? மனைவி போனபின் வீட்டில் நானும் டிவியும்தான்.

விருதுநகரில் புண்ணுக்குக் கட்டுப்போடும் இடத்துக்குப் போனேன். கட்டை அவிழ்த்ததும் நர்ஸ் முகம் மாறியது. விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்தார். பிறகு அதேபோல் கணுக்காலிலும் சுற்றி, ஒரு சின்னக் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைத் தேடினார். கையில் குபுகுபுவென்று கேட்டது. காலில் காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது. கையில் இருந்த அழுத்தத்தில் பாதிகூடக் காலில் இல்லை.

"ரத்தமே சரியா எறங்கலைய்யா. இதுல இறுக்கிக் கட்டுனா வெரலு செத்துப்போகும். யாரு கட்டிவிட்டாக?"

வெட்கத்தில் மருமகள் என்றேன். எனக்குப் பிள்ளையே கிடையாது. மதுரையில் ரத்தக்குழாயைப் பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அதுவரை தினமும் விரல் நிறத்தைக் கவனிக்க வேண்டும், விட்டால் காலையே எடுக்க நேரிடும், நாளைக்கு மருமகளைக் கூட்டிவந்தால் தளர்வாகக் கட்டப் பழக்கிவிடுகிறேன் என்றார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டேன். கால் போனாலும் போகட்டும், பொய் வெளியே வரக்கூடாது என்று நினைத்த கிறுக்கன் நான். மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன்.

நர்ஸ் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். மருமகள் வரவில்லையா என்று கேட்டார்.

"மருமகளும் இல்ல, மகனும் இல்ல, தாயி. வீட்ல நான் மட்டுந்தான். எனக்கே சொல்லிக்குடு."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் வலி என்று நினைத்துக்கொண்டார்.

"அளாதீகய்யா, மெதுவாத்தான் அவுக்கேன்" என்றார்.