அக்காவுக்கு மறுவீடு

இன்று காலை மயிலாப்பூர்க் கோயிலில் பொங்கல் வரிசையில் நின்றேன். பக்தியால் அல்ல.

எங்கள் விடுதியில் ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்தால், அந்த நாட்களுக்குச் சாப்பாட்டுப் பணத்தைக் கழித்துவிடுவார்கள். மெஸ் கட் என்று பெயர். அம்மாவின் மணியார்டரில் பரீட்சைக் கட்டணத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் ‘அக்கா கல்யாணம்’ என்று ஆறு நாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சைதாப்பேட்டையில் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் படுத்துக்கொள்கிறேன்.

தொன்னையை வாங்கி ஒரு வாய் போட்டேன். எதிரே எங்கள் விடுதியின் சீனியர் மாணவர், மெஸ் செயலாளர் செல்வராஜ் அண்ணன். என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

“அக்கா கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாப்பா?” என்றார்.

“முடிஞ்சுதுண்ணே.”

மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகை இல்லாமல் அக்கா இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

அப்போதுதான் அவர் கையிலும் தொன்னையைப் பார்த்தேன். அவரும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மெஸ் கட் எழுதிவிட்டு ஊருக்குப் ‘போனவர்’.

“அப்பாவுக்கு இப்போ எப்படிண்ணே இருக்கு?”

“தேவலாம்” என்று தொன்னையை வழித்தார். “ஆறு நாள்ல பரீட்சைக் கட்டணம் தேறாதுப்பா. பத்தாப் போடு.”

“என்ன காரணம்ணே எழுதறது?”

“கல்யாணம் ஆச்சுன்னா மறுவீடு இருக்கும்ல?”

இந்தக் கணக்கில் நான் பட்டம் வாங்குவதற்குள் அக்காவுக்கு இரண்டு பிள்ளை பிறந்துவிடும்.

உங்கள் வீட்டில் என்ன விசேஷம் நண்பர்களே?