ஆயர் கிளறிய நெல்

எங்கள் மாதா கோயிலின் ஆண்டுவிழாப் பூசையில், சாம்பிராணியையும் மீறி ஈரநெல் வாசம் வந்தது. வெளியே தூறல். சாலையில் காயவைத்த நெல்லை யாரோ அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கோயிலை மந்திரித்துத் திறக்க மறைமாவட்ட ஆயர் வரவிருந்தபோது எனக்குப் பத்து வயது. அறுத்த நெல்லெல்லாம் மழையில் நனைந்துவிட்டது. ஊரிலேயே ஒழுகாத பெரிய கூரை புதுக் கோயிலுக்குத்தான். “முளை விட்டுடும் சாமி” என்று அம்மா கெஞ்ச, பங்குச்சாமியார் கதவைத் திறந்துவிட்டார். பீடத்துப் படி வரைக்கும் நெல்லைப் பரப்பினோம். மறுநாள் வரவேண்டிய ஆயரோ அன்று மாலையே வந்து இறங்கிவிட்டார்.

எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். அவர் ஒரு பிடி நெல்லை அள்ளி முகர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்து நெல்லைக் கிளற ஆரம்பித்தார்.

“கிளறிவிடாம என்னம்மா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? சூடு ஏறிடும்ல?”

இப்போது பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்காலைத் தட்டினாள். “பூசையில என்னடி, காலத் தேய்ச்சுக்கிட்டு?”

குனிந்து பார்த்தேன். அவள் காலும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தது.