கஷாயச் சக்கை

ஃபான் சூஜென்னுக்கு அருவருப்பு வராத பொருள் உலகத்தில் ரொம்பக் குறைவு. வேலை பார்த்த காலம் முழுக்கப் பேருந்தில் டிக்கெட் கொடுத்தவள். ஜன்னல் பக்கம் துப்பிப் பின் சீட்டுக்காரன் முகத்தை நனைத்தவன், சூரியகாந்தி விதைத் தோலை அடுத்தவர் மடியில் உமிழ்ந்தவள், மலைப்பாதை வளைவில் வாந்தியெடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வேடிக்கை பார்த்தவன் என்று எல்லாரையும் பார்த்துச் சலித்துப் போனவள். ஓய்வு பெற்ற பிறகும் வெளியில் சாப்பிடப் போனால் கிண்ணத்தையும் சாப்பிடும் குச்சிகளையும் கொதிக்கும் தேநீரில் அலசாமல் தொடமாட்டாள். கணவர் சாங்கென் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் சிரித்தால் இருமல் வருகிறது, அதனால் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்.

சாங்கென் கல்குவாரியில் உழைத்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. படிந்தது படிந்ததுதான், எடுக்க வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறுவதற்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அந்த இழுப்புச் சத்தம் கதவுக்கு உள்ளே அவளுக்குக் கேட்கும். அருவருப்பே இல்லாமல் வெறும் பயத்தை மட்டும் அவளுக்குக் கொடுத்த சத்தம் அது ஒன்றுதான்.

கீழ்வீட்டு ருவானோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கஷாயச் சக்கை. காய்ச்சி வடித்த சக்கையை நடைபாதையில் கொட்டினால், போகிற வருகிறவர்கள் மிதித்து மிதித்து நோயையும் காலோடு கொண்டுபோய்விடுவார்கள் என்று ஊரில் ஒரு வழக்கம். ருவான் தன் முட்டிவலிக்குக் காய்ச்சியதை வாசலில் கொட்டியிருந்தார். சூஜென் அத்தனையையும் பெருக்கி அள்ளி அவர் கதவு முன்னாலேயே குவித்தாள்.

"உன் முட்டிவலிய நான் எதுக்குய்யா மிதிக்கணும்? ஊரார் காலை என்ன குப்பைத் தொட்டின்னு நினைச்சியா?"

அன்றோடு முகம் திருப்பிக்கொண்டதுதான்.

இந்த வருடம் போக்குவரத்துக் கழகத்து ஓய்வு பெற்றவர்களின் சுற்றுலா பழைய ஊரான ஷாவ்ஷிங்குக்குப் போனது. படகுச் சவாரி, மது ஆலை, கடைசியாகப் பழைய மருந்துக் கடை.

"படகெல்லாம் நீ போ. நான் அந்தக் கடைக்குத்தான் வரேன்" என்றார் சாங்கென்.

"அங்க காய்ஞ்ச பூச்சியும் புழுக்கையும்தான் இருக்கும்."

"அதுலதான் மருந்து இருக்கு, கிழவி."

கடை வாசலிலேயே அவளுக்குக் குமட்டியது. தங்க எழுத்துப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இலவசக் கஷாயம். காகிதக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, முகம் சுளித்து, எச்சில் கோப்பையை நிறைகோப்பைகளுக்கு நடுவிலேயே வைத்தான் ஒருவன். அடுத்து வந்தவள் அதையே எடுத்துக் குடித்தாள். கண்ணாடிக்குள் பூரான்கள் கட்டுக் கட்டாக இருந்தன. தேரைத் தோல், சுருண்ட பாம்பு, வவ்வால் புழுக்கை. வந்தவர்கள் அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அழுத்தி வைத்ததில் மூச்சும் எண்ணெயும் ஒட்டியிருந்தன. பூரானைவிட இந்த ஜனங்கள்தான் அசிங்கம் என்று சூஜென்னுக்குத் தோன்றியது.

நாடி பார்க்கும் வைத்தியர் கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார். அதைப் பார்க்காமல் இருக்க அவள் கூரையைப் பார்த்தாள். சாங்கென்னின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிய வைத்தியர், பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். சாங்கென் நீட்டினார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தொப்பிக்காரன் அந்த நாக்குக்கு நேராகப் போனை நீட்டினான்.

சூஜென் போனைத் தட்டிவிட்டாள். "நீயும் நாக்கை நீட்டு. நானும் ஒரு படம் எடுத்துக்கறேன்."

"பொது இடம்தானே, அத்தை."

"இடம் பொதுதான். அந்த நாக்கு என் வீட்டுக்காரரோடது."

வைத்தியர் எதுவும் நடக்காத மாதிரி மருந்து எழுதினார். மருந்து கட்டும் பெண் காகிதத்தை விரித்து ஒவ்வொன்றாக வைத்தாள். வேர், பட்டை, விதை. கடைசியாக மூங்கில் குச்சியில் விரித்துக் காயவைத்த இரண்டு பெரிய பல்லிகள்.

சூஜென் இரண்டடி பின்வாங்கினாள். "இது என்ன கண்றாவி?"

"மூச்சுக்கு இதுக்கு மேல மருந்து கிடையாது, ஆன்ட்டி. ஆண் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. ஜோடியாத்தான் போடணும். வாலைப் பாருங்க, முழுசா இருக்கு. சக்தியெல்லாம் வால்லதான்."

"வீட்டுச் சுவத்துல இதோட தம்பி வந்தாலே செருப்பை எடுக்கறவ நான்."

சாங்கென் பல்லிகளை உற்றுப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேரு மாதிரியே இருக்கு. இடது பக்கம் முறைக்கறது நீ." சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உதடு நீலமாகியது. கூட்டம் ஒதுங்கி, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. அந்தப் பார்வை சூஜென்னுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் பேருந்தில் அவளே மற்றவர்களைப் பார்த்த பார்வை. அவளுக்குத் தன் மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

"கட்டிக் குடும்மா. தலையையும் காலையும் மட்டும் வெட்டிடு, எனக்கு அதைப் பார்க்க முடியாது" என்றாள்.

மறுநாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்சட்டியில் காய்ச்சினாள். வீடு முழுக்க வாடை. சாங்கென் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சட்டியைக் கண்ணால் காட்டினார்.

"சக்கையை ரோட்டுல கொட்டிடு."

"எனக்கு வெட்கம் மானம் இல்லையா? அதுக்குத்தானே ருவானைக் கிழிகிழின்னு கிழிச்சேன்."

"நான் உன்கிட்ட வேற எதுவும் கேட்கல."

அவள் வெள்ளைத் துணிக்காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சோப்புப் போட்டுத் தேய்த்துச் சுண்ணாம்பாய் வைத்திருந்த காலணி அது. வாசலில் ருவான் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டியைப் பார்த்தார்.

"அடடே. இன்னிக்கு யாரு பெருக்கப் போறா?"

அவள் நடைபாதை நடுவில் சட்டியைக் கவிழ்த்தாள். ஈரச் சக்கை ஆவி பறக்கக் கிடந்தது. நடுவில் வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளிப் பையோடு ஒரு சிறுமி ஓடி வந்தாள்.

"சுத்திப் போம்மா" என்றாள் சூஜென்.

காய்கறி வாங்கி வந்த கர்ப்பிணி ஒருத்தியிடமும் அதையே சொன்னாள். பார்சல் கொண்டுவந்த பையனின் கையைப் பிடித்தே இழுத்தாள்.

ருவான் கெக்கலித்தார். "எல்லாரையும் சுத்திப் போகச் சொன்னா அப்புறம் யாருதான் மிதிக்கறது?"

அந்தக் கல்தூசியை, அந்த இழுப்பை யார் தலையில் கட்டுவது? அவள் தெருவைப் பார்த்தாள். ஒருவரையும் மிதிக்கவிட மனசு ஒப்பவில்லை. இது சுத்த மூடத்தனம், சுத்த அசிங்கம் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே வெள்ளைக் காலணியைத் தூக்கிச் சக்கை மேல் வைத்தாள். வால் காலடியில் நசுங்கியது. அடுத்த காலையும் வைத்து, நின்று, அழுத்தித் தேய்த்தாள். ருவான் சிரிப்பை நிறுத்திவிட்டு முக்காலியை விட்டு எழுந்தார்.

மேலே ஜன்னல் திறந்தது. சாங்கென்னால் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குனிய முடியாது. குரல் மட்டும் வந்தது.

"யாராவது மிதிச்சாங்களா, கிழவி?"

"மிதிச்சாங்க" என்றாள் சூஜென். "நல்லா அழுத்தியே மிதிச்சாங்க."