கழுத்தில் தொங்கிய பாத்ரூம் கார்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக எல்லோருக்கும் ஒரே ஒரு கார்டு. அதை சூப்பர்வைசர் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவான். கேட்டால், "இப்போதான போய்ட்டு வந்த? இன்னா, உன் ஊடுன்னு நெனச்சிக்கினியா?" என்று சத்தமாகக் கேட்பான். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.

ஒரு திங்கட்கிழமை சிறுநீர் நெருப்பாக எரிந்தது. இரண்டு சொட்டு வரும், உடனே மறுபடியும் முட்டும். புதன்கிழமை குளிர்காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்துகொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "எவ்ளோ நேரம்மா அடக்குவ? கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு" என்றார். ஊசி போட்டு மாத்திரை எழுதினார்.

"எரிச்சல் நின்னாலும் மாத்திரைய பாதியில விடாத. நெறைய தண்ணி குடி. வந்தா உடனே போயிடு."

"அத சீட்டுல எழுதிக் குடுங்க மேடம்."

ஏன் என்று கேட்டார். கார்டு விஷயத்தைச் சொன்னேன். எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஒவ்வொரு மாத்திரையையும் அவன் முகத்தை நினைத்துத்தான் விழுங்கினேன். காய்ச்சல் இறங்கியது, கோபம் இறங்கவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் சீட்டைக் காட்டினேன். படிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தான். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

அன்று பாத்ரூம் அழுக்காகிவிடும் என்று அவன் பூட்டே போட்டுவிட்டான். வந்தவர்கள் என் மேசை அருகே நின்றபோது எழுந்தேன்.

"சார், பாத்ரூம் போவணும். சாவி குடுங்க."

அவன் முகம் வெளுத்தது. சோதனைக்கு வந்தவர்களில் ஒரு அம்மா, "எதுக்கு சாவி?" என்று கேட்டார். சீட்டை அவர் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து மேசைப் பெண்களும் எழுந்து நின்றார்கள். அத்தனை பேர் பார்க்க அவன் பையில் சாவியைத் தேடிய அந்த நிமிஷம், எனக்குச் சர்க்கரையாக இனித்தது.

அடுத்த வாரம் கார்டு ஒழிந்தது. அவனை குடோனில் அட்டைப்பெட்டி எண்ணப் போட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் கிட்டே வந்தான். "தனியா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?"

"நாலு மாசமா உங்ககிட்டதான சார் கேட்டுக்கினு இருந்தேன்."

அவன் தலை குனிந்தான். பாவம் என்று தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் கெஞ்சமாட்டானா என்றுதான் இருந்தது.