எட்டு நிமிடமும் எங்கள் வாய்க்காலும்

ஓட்டு எண்ணிய அன்று காலையில் நான் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அதனால் விடிந்ததுமே கொல்லைக்கு வந்துவிட்டேன். மடி பாதி நிறைந்தபோது கட்சியின் ஒன்றியச் செயலாளர் செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் ஓடி வந்தார்.

"ஏழாவது சுற்று முடிஞ்சுதும்மா. நீங்கதான் முன்னாடி. வாங்க, வண்டி ரோட்டுல நிக்குது."

"இந்த ரெண்டு வரிசைய முடிச்சிட்டு வர்றேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினார். மாலையில் நான் சட்டமன்ற உறுப்பினர்.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை செய்தவர்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்து அனுப்பியதில் நன்னிலம் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கினோம். வாய்க்கால் போய் முடிகிற கடைமடை நிலம். மேட்டூர் அணை திறந்து ஊரெல்லாம் நடவு முடிந்த பிறகுதான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். தூர்வார வரும் பொக்லைனும் தண்ணீரோடு சேர்ந்தே வரும். ஒரு வருடம் கரைப்புல்லை மட்டும் சுரண்டிவிட்டுக் கிளம்பிய பொக்லைனை நாங்கள் இருபது பெண்கள் மறித்து உட்கார்ந்தோம். அந்தப் படம் பேப்பரில் வந்தது. அதைப் பார்த்துத்தான் கட்சி என்னைக் கூப்பிட்டது.

சட்டமன்றத்தில் முதல் வருடம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அடுத்த வருடம் நீர்வளத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச எனக்கு எட்டு நிமிடம் கிடைத்தது. கட்சியில் எழுதிக் கொடுத்த உரையின் முதல் பக்கம் முழுக்க வாழ்த்தும் நன்றியும். அதை வாசித்து முடிக்கவே இரண்டு நிமிடம் போய்விட்டது. தாளை மடித்து வைத்தேன்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, நான் நடவு நடுறவ. தண்ணி ஓடுறப்ப தூர் வாருனா, உள்ள என்ன வாருறாங்கன்னு யாருக்கும் தெரியாது. வாய்க்கா காஞ்சு கிடக்கிற சித்திரையிலயே மிஷின இறக்குங்க. வருஷா வருஷம் மேலேருந்து ஆரம்பிக்கிறீங்க. எங்ககிட்ட வர்றதுக்குள்ள ஆனி பொறந்து தண்ணியும் வந்துடுது. ஒரு தடவ கடைமடையில ஆரம்பிச்சு மேல போங்க."

சிரிப்பு எழுந்தது. எதிர்வரிசையிலும் மேசையைத் தட்டினார்கள். அமைச்சர் எழுந்து, "உறுப்பினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த ஆண்டு கடைமடையிலிருந்தே தொடங்குவோம்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். "கேண்டீன்ல எல்லாருமா போன்ல பாத்தோம். குரல் ஒரு எடத்துலகூட தடுமாறல."

"காலு தடுமாறுச்சு. மேசையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

சொன்னபடி சித்திரையில் பொக்லைன் வந்தது. ஊரில் இருந்த நாளெல்லாம் நான் வாய்க்காலுக்குள் இறங்கி நின்று ஆழம் பார்த்தேன். ஓட்டுநர் ஒருநாள், "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, ஒழுங்கா வாருறேன்" என்று கும்பிட்டே விட்டார்.

மேட்டூர் திறந்து சில நாள் கழித்து, காலை எட்டு மணிக்குப் பக்கத்து வயல்காரம்மாவிடமிருந்து போன். "தண்ணி மதகத் தாண்டிடுச்சுக்கா."

நான் போய்ச் சேர்ந்தபோது சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஊரே அதற்கு முன்னால் நடந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் ஓடினேன். "எம்.எல்.ஏ. அம்மா, பாத்துப் போங்க" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். எங்கள் வயலுக்கு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டதும் வெடித்துக் கிடந்த மண் சளசளவென்று குடித்தது.

பதினோரு மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். முழங்கால் வரை சேற்றோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அந்த வருடம்தான் நாங்கள் முதல்முறையாக, அணை திறந்ததுமே நடுகிற குறுவை நெல் போட்டோம்.