கழுத்தில் தொங்கிய மைக்

கணக்கு டீச்சர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. இன்றும் யாரிடமாவது பேச வாயெடுத்தால் கை தானாகக் கழுத்துக்குப் போய் மைக்கைத் தேடும். "பழக்க தோஷம்" என்று மகள் கேலி செய்வாள்.

இப்போது காது மிஷின் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. அப்போதெல்லாம் அவர் பாடம் நடத்திய காது கேளாத பிள்ளைகளின் நெஞ்சில் ஒரு பெட்டி தொங்கும். அதிலிருந்து காதுக்கு ஒயர் போகும். டீச்சர் தன் மைக்கில் பேசினால் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் காதோரம் சொன்னது போல் கேட்கும். காலையில் வந்ததும் "கேக்குதா?" என்பார். எல்லாக் கையும் உயரும். அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகவே அவர் காய்ச்சலோடும் பள்ளிக்கு வந்திருக்கிறார்.

மறதி மட்டும் அவருடைய கூடப்பிறப்பு. மைக்கை அணைக்காமலே பக்கத்திலிருந்த ஆசிரியர் அறைக்குப் போய்விடுவார். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அங்கே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. டீ உறிஞ்சும் சத்தம், மாமியாரைப் பற்றிய புலம்பல், எல்லாம் நேரடி ஒலிபரப்புதான். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. இப்படியொரு நாடகத்தை யார் கெடுத்துக்கொள்வார்கள்?

பொதுத்தேர்வு நெருங்கியபோது ஒருநாள் தலைமையாசிரியை அந்த அறைக்கு வந்தார். அமுக்குணி என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணைப் பற்றிய பேச்சு.

"அவ கணக்குல தேறுவாளா?"

"தேற மாட்டா."

"அப்ப இந்த வருஷம் எழுத வேணாம்னு வீட்ல சொல்லிடலாம். ஸ்கூல் பேரு கெட்டுப்போகும்."

"மேடம், முதல் தடவை தேற மாட்டா. அந்த ஹாலைப் பாத்தே பயந்துடுவா. ரெண்டாவது தடவை கண்டிப்பா தேறிடுவா. முதல் தடவையே எழுதலைன்னா ரெண்டாவது எங்கேருந்து வரும்? எழுதட்டும். பேரு கெட்டா என் பேரு கெடட்டும்."

தலைமையாசிரியை அரை மனதாகச் சம்மதித்தார்.

டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். அமுக்குணி பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து பார்த்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்றும் அணைக்க மறந்திருக்கிறார். 'தேற மாட்டா' என்றதுமே கழற்றியிருக்கிறாள். மற்றவர்கள் கடைசி வரை கேட்டிருந்தார்கள். டீச்சர் வாய் திறப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரி அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கையாலும் உதட்டாலும் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். அமுக்குணி பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தேர்வு எழுதினாள். கணக்கில் தோற்றாள்.

தன் கரிநாக்கைச் சபித்துக்கொண்டே டீச்சர் அவள் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனவருக்குக் கதவு திறந்ததும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அமுக்குணிதான் முதலில் பேசினாள், ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக.

"நீங்க சொன்னதுல முதல் பாதி நடந்துடுச்சு டீச்சர். ரெண்டாவது பாதிக்கு எப்ப உக்காரலாம்?"